தீபத்தன்று கலர் குடித்த டாக்டர்

டாக்டர் கோதண்டராமனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. திருவண்ணாமலையில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் பிறந்த தேதி, படித்த காலேஜ், வாங்கிய பட்டம் என்று எழுதுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குத் தேதி தெரியாது, ஆளைத் தெரியும். பே கோபுரத் தெருவில் அவருடைய கிளினிக்குக்கும் என் சோடா கம்பெனிக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் யார் இருமினாலும் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் பாட்டில் வெடித்தால் அவருக்குக் கேட்கும்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் டாக்டர் கதை புரியாது. அடி அண்ணாமலையில் புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்து குதிரை வண்டிக்காரர்களுக்கு விற்றவன் நான். அப்பன் சொத்து ஒரு அரிவாள். அந்த அரிவாளிலிருந்து கேஸ் மிஷின் வரைக்கும் வந்தது என் சொந்தக் காலில். 'வேடியப்பன் கலர்' என்றால் போளூர் வரைக்கும் பெயர். சோடா வேறு, கலர் வேறு. சோடாவில் வெறும் கேஸ்தான். கலரில் சர்க்கரைப் பாகு போட வேண்டும். மற்ற கம்பெனிக்காரர்கள் சாக்ரீன் என்கிற மருந்து இனிப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் நான் சுத்தமான சர்க்கரைப் பாகு காய்ச்சினேன். இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு உயிர் பிழைத்தது அந்தப் பாகினால்தான்.

எழுபத்தொன்றிலோ எழுபத்திரண்டிலோ டாக்டர் வந்து பக்கத்துக் கடையைப் பிடித்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம் செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். ஆனால் டாக்டர் மாதிரி இருக்க மாட்டார். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் ஸ்டூலில் உட்காருவார். யார் வந்தாலும் முதல் வார்த்தை, "எங்க, நாக்கை நீட்டுங்க." வயிற்று வலியோ, கால் வீக்கமோ, முதலில் நாக்கு.

நான் அவரிடம் முதலில் போனது, மிஷினில் சுற்றும்போது பாட்டில் வெடித்துக் கண்ணாடி முழங்கையில் ஏறிய அன்று. துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்துக்கொண்டே கேட்டார்:

"ஏங்க வேடியப்பன், பாட்டில் கழுத்து இவ்ளோ குறுகலா இருக்கே, கோலி எப்படிங்க உள்ள போச்சு?"

"அது தொழில் ரகசியம் சார்."

"அப்ப சரி. நான் தையல் போடறதும் தொழில் ரகசியம், அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்று சொல்லி ஊசியைக் குத்தினார். சிரித்த சிரிப்பில் வலி தெரியவில்லை. பாட்டில் மெட்ராஸிலிருந்து கோலியோடுதான் வரும் என்பதை நான் அவருக்குக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

அவரைப் பற்றி இப்போது சிலர், காசே வாங்காத மகான் என்று பேசுகிறார்கள். சுத்தப் பொய். நியாயமான பீஸ் வாங்கினார். குடும்பஸ்தன், வாங்காமல் எப்படி? பெண்டாட்டி ரேணுகாம்பாள், ஒரே பெண் வள்ளி. அவருக்கு உலகம் அந்த இரண்டு பேர்தான். ரேணுகாம்பாளுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது வள்ளிக்குத் தலை பின்னி, சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. தையலெல்லாம் நேராகப் போடுகிற கை, மகள் தலையில் மட்டும் கோணலாகிவிடும்.

தினமும் கிளினிக்கைப் பூட்டும்போது தேரடியில் மல்லிகைப் பூ வாங்குவார். கையில் பிடித்துக்கொண்டு போகக் கூச்சம். மருந்துப் பைக்குள், ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். அந்த அம்மா அதையும் கிண்டல் செய்யாமல் விட மாட்டார்கள்.

"பாருங்கண்ணே, உங்க டாக்டர் வாங்கியாற பூவுல ஸ்பிரிட் வாசனை. தலையில வெச்சா, ஊசி போடப் போறாங்களோன்னு பக்கத்து வீட்டுக் கொழந்தைங்க ஓடுது."

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிகிற வரைக்கும் பெரியவர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் வைக்க மாட்டார்கள். தீபத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டு விளக்கு, அப்புறம்தான் சாப்பாடு. ரேணுகாம்பாள் வீட்டில் இன்னும் ஒரு கட்டு. மாமியார் கன்னியம்மாள் விதித்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று மலையைப் பார்க்க வேண்டும், முதல் அகலை இரண்டு கையும் சேர்ந்து ஏற்ற வேண்டும், அவன் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு இவள் சாப்பிட வேண்டும். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கட்டு போகவில்லை.

ஆனால் ஒரு வருஷம் கூட அந்த ஜோடி நின்றது கிடையாது. காரணம், எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத ஒரு தப்பு.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பார். அப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கிற மிஷின் ஏது? நோயாளி கொண்டுவருகிற மூத்திரத்தை நீல மருந்தில் கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்ப்பார். (ஒருத்தன் அதை என் கோலி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தான். "டேய், இது எங்க கம்பெனி பாட்டிலுடா!" என்று நான் பாய, டாக்டர் இடையில் நின்று காப்பாற்றினார்.) மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கி விழுவான், பார்க்காமல் விட்டால் உயிரே போகும். தீபத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே டாக்டர் ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவார்: "விரதம் இருக்காதீங்க. இருந்தே ஆகணும்னா அன்னைக்கு மாத்திரை போடாதீங்க." எல்லோரும் பயபக்தியாகத் தலையாட்டுவார்கள். அன்றைக்கு விரதமும் இருப்பார்கள், மாத்திரையும் போடுவார்கள்.

ஏன் என்று கேட்டால், "மாத்திரை மருந்துதானே, சோறா? அது விரதத்தைக் கலைக்காதே. அதுவும் நீங்க குடுத்த மாத்திரையை எப்படிங்க உடறது?"

சாமிக்கும் மரியாதை, டாக்டருக்கும் மரியாதை! வருஷா வருஷம் சாயங்காலம், ஊரே மலையைப் பார்த்து நிற்கிற நேரத்தில், கிளினிக் பெஞ்சில் இரண்டு மூன்று பேர் வியர்த்துப் போய்க் கிடப்பார்கள். ஒரு முறை டாக்டர் என்னிடம் வந்து, "மயங்கினவங்களுக்கு நிஜச் சர்க்கரை குடுக்கணும். உங்க கலர்ல போடறது சர்க்கரையா, சாக்ரீனா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "சார், என் நாக்கை அறுத்தாலும் சாக்ரீன் போட மாட்டேன்" என்றேன். அதிலிருந்து தீபத்தன்று மரப்பெட்டியோடு ஒரு கிரேடு ஆரஞ்சுக் கலர் கிளினிக்கில் இருக்கும்.

ஆறரை, ஏழு என்று கடைசி ஆளை அனுப்பிவிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடுவார். அவரும் பட்டினி, அங்கே அந்த அம்மாவும் பட்டினி.

"வள்ளி, உங்கப்பா சட்டைப் பையில நம்ம வீட்டு அட்ரஸ் எழுதி வைடி. தீபத்தன்னிக்கு மட்டும் மறந்துடுது."

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரேணுகாம்பாளுக்கே சர்க்கரை வருகிற வரைக்கும்.

டாக்டர் அப்போதிலிருந்து கார்த்திகை பிறந்தாலே முகம் சுண்டிப் போவார். வீட்டில் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அந்த அம்மா பேச்சு ஒன்றுதான்: "ஊர்ல இருக்கிற பொம்பளைங்கள்லாம் இருக்கிறாங்க, டாக்டர் பொண்டாட்டி மட்டும் மூக்கு முட்டத் தின்னுட்டு விளக்கு ஏத்தணுமா? நீங்க ஆறு மணிக்கு வந்து பக்கத்துல நில்லுங்க, ஆறே காலுக்கு நான் சாப்பிடறேன்." அவர் வருகிற நேரத்தில்தான் அந்த அம்மாவின் உயிர் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷத் தீபம். டாக்டர் காலையிலேயே என்னிடம் சொன்னார்: "வேடியப்பன், இன்னைக்கு நாலரைக்குப் பூட்டிடுவேன். யார் வந்தாலும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. ரேணுவுக்கு நேத்து ராத்திரியே கை நடுங்குது." சொன்ன மாதிரியே நாலரைக்கு ஷட்டரை இழுத்தார். பாதி இறங்கியிருக்கும். சகாதேவன் என்கிற வேங்கிக்கால் கிராமத்துப் பையன், தன் தாயார் தங்கம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்தக் கிழவிக்குக் கண் சொருகிவிட்டது.

டாக்டர் ஷட்டரைப் பிடித்தபடியே தங்கம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

"வீட்ல போய்ச் சொல்லுங்க வேடியப்பன். கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லுங்க. எப்படியாவது ரெண்டு வாய் சாப்பிட வைங்க."

தீபத்தன்று சாயங்காலம் என் கம்பெனிக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம். அதை அப்படியே விட்டுவிட்டு, கலர் ஏற்றியிருந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேறு எவன் போவான்? அவர்கள் வீடு சின்னக்கடைத் தெருவில். அந்தக் கூட்டத்தில் கோயிலைச் சுற்றிப் போய்ச் சேரவே வெகு நேரமாகிவிட்டது.

வள்ளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "மாமா, அம்மா என்னமோ மாதிரி பேசுது."

மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் நெடுக அகல் அடுக்கியிருந்தது. ரேணுகாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெயை அகலில் விடாமல் தரையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கார்த்திகைக் குளிரில் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கிளினிக் பெஞ்சில் இந்த வியர்வையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! உடனே கோலியைத் தள்ளி ஒரு கலரை உடைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

"அவரு வந்துட்டாரா?"

"வந்துட்டே இருக்காரும்மா, ஒரு வாய் குடிங்க."

"அவரு வரட்டும்."

வள்ளி அழுதாள், கெஞ்சினாள். புகட்டினால் கையைத் தட்டிவிடுகிறார்கள். டாக்டரை அழைத்துவர ஒரு நடை, திரும்ப ஒரு நடை என்றால் அந்தக் கூட்டத்தில் ஆகிற காரியமில்லை. நானும் வள்ளியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கீழே இறக்கினோம். கிரேடுகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவை வண்டியில் உட்கார வைத்தேன். வள்ளி பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டாள்.

ஜனம் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "வழி உடுங்க, உடம்பு சரியில்ல" என்று கத்தினால் ஒருத்தனும் திரும்பவில்லை. அப்போதுதான் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. சோடா திறக்கிற கட்டையை எடுத்து, கிரேடில் இருந்த பாட்டில்கள் மேல் வரிசையாக ஒரு இழுப்பு இழுத்தேன். டிர்ர்ர்ர்! சோடாக்காரன் வண்டி வருகிறது என்றால் எப்பேர்ப்பட்ட கூட்டமும் காலை ஒதுக்கும், அது பழக்கம். பே கோபுரத் தெரு வரைக்கும் அந்தச் சத்தத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அன்று நான் மிதித்த மிதியை இந்த ஊரில் இன்னொருத்தன் மிதித்திருக்க மாட்டான்.

கிளினிக் படிக்கு முன்னால் வண்டி நின்றதும் டாக்டர் வெளியே வந்தார். பார்த்த உடனே புரிந்துவிட்டது.

"குளுக்கோஸ் ஊசி தீந்துபோச்சு வேடியப்பன். கடைசியா இருந்ததை இப்பதான் இந்தம்மாவுக்குப் போட்டேன்" என்றார். ஊரில் மருந்துக்கடை ஒன்று கூடத் திறந்திருக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும் நேரமில்லை. உள்ளே பெஞ்சில் தங்கம்மாள் கண் விழித்துவிட்டாள். ஆனால் மகன் நீட்டுகிற கலரைக் குடிக்க மாட்டேன், தீபம் பார்த்துவிட்டுத்தான் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

டாக்டர் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். "ரேணு, நான் வந்துட்டேன். குடி."

"தீபம்...?"

"இன்னும் ஏத்தல. அதுக்குள்ள குடிச்சிடு, ரேணு."

அந்த அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள். கண் சொருகத் தொடங்கியது. வள்ளி, "அப்பா!" என்று கத்தினாள்.

டாக்டர் கிரேடிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். கோலியைத் தள்ளப் பார்த்தார், கட்டைவிரல் வழுக்கியது. நான் வாங்கி உடைத்துக் கொடுத்தேன். பெண்டாட்டிக்குக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் வாயில் வைத்து, தலையை அண்ணாந்து, கடகடவென்று குடித்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து தீபத்தன்று ஒரு சொட்டுத் தண்ணீர் இறக்காத மனுஷன். வெள்ளைச் சட்டை முழுக்க ஆரஞ்சு நிறம் வழிந்தது. தெருவில் நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரேணு, இங்க பாரு. நான் குடிச்சுட்டேன். என் விரதம் போச்சு. நான் ஒரு வாய் வெச்சப்புறம் நீ சாப்பிடலாம்னுதானே எங்கம்மா சொன்னாங்க? வெச்சாச்சு. இனிமே யாருக்காக நீ பட்டினி கெடக்கப் போற?"

அந்த அம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தார்கள். நம்பவில்லை. நாக்குக் குழற, ஒரு வார்த்தை சொன்னார்கள்:

"நாக்கை... நீட்டுங்க."

இந்த ஊர் நாக்கையெல்லாம் பார்த்த டாக்டர், நடுத்தெருவில், பெண்டாட்டி முன்னால் மண்டி போட்டுக்கொண்டு, தன் நாக்கை நீட்டினார். சுத்தமான ஆரஞ்சு நிறம்.

ரேணுகாம்பாள் வாயைத் திறந்தார்கள். வள்ளி பாட்டிலைப் பிடிக்க, டாக்டர் தாடையைத் தாங்க, ஒரு பாட்டில் முழுக்க இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. உள்ளேயிருந்து தங்கம்மாள் குரல்: "டாக்டரு தம்பியே குடிச்சுட்டாரா? அப்ப எனக்கும் ஒண்ணு உடைடா சகாதேவா, பாவத்துல பங்கு கம்மியா வரும்."

வியர்வை அடங்கி, அந்த அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் வருகிற நேரத்தில் தெரு முழுக்க "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எழும்பியது. உச்சியில் தீபம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் இரண்டு பேரும் ஜோடியாக மலையைப் பார்த்தார்கள். அந்த அம்மா என் சோடா வண்டி மேலே, அவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே. நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். ரேணுகாம்பாள் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏண்ணே, கலர்ல கேஸ் கம்மியா இருக்குது."

என் கலரில் கேஸ் கம்மி என்று சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

அடுத்த வருஷம் டாக்டர் ஒரு காரியம் செய்தார். தீபத்தன்று உச்சி வெயிலில், கிளினிக் படியில் நின்று, தெருவே பார்க்க ஒரு ஆரஞ்சுக் கலரைக் குடித்தார். குடித்துவிட்டு, கூப்பிட்டனுப்பியிருந்த சர்க்கரைக்காரர்கள் முன்னால் நாக்கை நீட்டிக் காட்டினார். "நான் முறிச்சாச்சு. இப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க." அறிவுரை சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போன ஜனம், அவரே விரதத்தை விட்ட பிறகு தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கக் கூச்சப்பட்டது.

எல்லோரும் மெச்சினார்கள் என்று சொல்ல மாட்டேன். எதிரே கற்பூரக் கடை பரசுராமன் வாய் விட்டுச் சொன்னான்: "படிச்ச திமிரு. மலையடிவாரத்துல நின்னுக்குனு தீபத்தன்னிக்குக் கலர் குடிக்கிறாரு பாரு." நான் கட்டையை எடுத்துவிட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவனிடம், "குடிச்ச பாவம் எனக்கே இருக்கட்டும் பரசுராமன். உங்க அக்காவுக்கு ரெண்டு இட்லி குடுத்துட்டு வாங்க, காலையில மாத்திரை போட்டிருப்பாங்க" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் வீட்டுக்குத்தான் போனான்.

மறுநாள் விடியற்காலையில் டாக்டர் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டிருந்ததை அடி அண்ணாமலையில் நான் பார்த்தேன். "பரிகாரமா சார்?" என்றேன். "செரிமானத்துக்கு வேடியப்பன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் இரண்டும் நடந்தது, மத்தியானம் கலரும் மறுநாள் மலையும். எங்கள் தெருவில் தீபத்தன்று வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வியே, "டாக்டரு கலர் குடிச்சாச்சா?" என்று ஆகிப்போனது. சாயங்காலம் ஆனால் ரேணுகாம்பாள் அகல் தட்டோடு கிளினிக்குக்கே வந்துவிடுவார்கள். முதல் விளக்கு அந்தப் படியில்தான்.

எண்பத்தெட்டு ஆடி மாதம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த டாக்டர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. கிளினிக்கைத் திறந்து சாமான்களை எடுத்துவைக்க வள்ளி என்னைத்தான் அழைத்தாள். ஸ்டூலைத் தூக்கும்போது எனக்குக் கை வரவில்லை. அரிவாளோடு வந்தவன் நான், எதற்கும் அசையாதவன். அன்றைக்கு அசைந்துவிட்டேன்.

அந்த வருஷம் தீபம் வந்தது. ஜனம் பழக்கத்தில் மத்தியானம் கிளினிக் முன்னால் வந்து நின்றது. ஷட்டர் பூட்டிக் கிடந்தது. தங்கம்மாளும் சகாதேவனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். யாரும் போகவில்லை. சாப்பிடப் போகிறார்களா, சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடந்து விழப் போகிறார்களா என்று தெரியவில்லை. நானே ஒரு கலரை உடைத்துக் குடித்துக் காட்டினேன். "நீ விக்கறவன், நீ குடிப்ப" என்றாள் தங்கம்மாள்.

அப்போது தெரு முனையில் ரேணுகாம்பாள் வந்தார்கள், வள்ளி கையைப் பிடித்துக்கொண்டு. நேராகப் படி ஏறி, அவர் நிற்கிற இடத்தில் நின்றார்கள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். இருப்பதிலேயே நல்ல பாட்டிலாகப் பார்த்து எடுத்து, உடைத்துக் கொடுத்தேன். தெரு பார்க்க, நிறுத்தி நிறுத்தி, முழுக்கக் குடித்தார்கள். பிறகு எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினார்கள்.

தங்கம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். "வாடா சகாதேவா, பசிக்குது" என்றாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தராக வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

ரேணுகாம்பாள் காலி பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். உள்ளே கோலி உருண்டு அடங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேஸ் கம்மிண்ணே" என்றார்கள்.

"ஆமாம்மா, இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.